கடல் கடக்க ஒரு பொய் போதுமா?

சில மாதங்களுக்கு முன், ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு, குன்னூருக்கு அருகிலுள்ள நம் பள்ளிவாசலின் முற்றத்தில் ஓர் இளைஞர் நமக்காகக் காத்திருந்தார். மலையில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. தொழுதவர்கள் எல்லாரும் போன பின்பும் அவர் போகவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் சில தாள்கள்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். அம்மா கேட்டு வரச் சொன்னார்கள்” என்றார்.

அவரை நமக்குத் தெரியும். சிறு வயதில் நம் மக்தபில் ஓதியவர். தந்தை ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பார்ப்பவர். தாய் பல வருடங்கள் கொழுந்து பறித்தவர். பையன் சிவில் இஞ்சினீயரிங் படித்துப் பட்டம் பெற்று ஓர் ஆண்டு ஆகியிருந்தது. எழுதிப் போட்ட இடங்களிலிருந்து பதில் இல்லை. சமவெளியிலுள்ள ஓர் ஏஜெண்டு, வளைகுடா நாடு ஒன்றில் கட்டுமான இடத்தில் இஞ்சினீயர் வேலை இருப்பதாகச் சொன்னார். ஆனால் இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். “அதைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்று அந்த ஏஜெண்டே ஒரு சான்றிதழும் தயார் செய்து கொடுத்துவிட்டார். பையன் ஒரு நாளும் கண்ணால் காணாத ஒரு கம்பெனியில் இரண்டாண்டு வேலை செய்ததாக அதில் எழுதியிருந்தது. அதற்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மீதிப் பணத்திற்குத் தாயின் நகையை வட்டிக்கு அடகு வைக்கத் தந்தை ஆயத்தமாக இருந்தார்.

தாய் மட்டும் நகையைக் கழற்றுமுன் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “இந்தத் தாளைக் காட்டி நீ சம்பாதிக்கும் சம்பளம் ஹலாலா? ஹஜ்ரத்திடம் கேட்டு வா.”

நாம் உடனே பதில் சொல்லவில்லை. “நாளை வாருங்கள் தம்பி” என்று அனுப்பிவிட்டோம். கேள்வி கடினமானது என்பதால் அல்ல. அதன் பதிலை ஒரு வரியில் சொல்லிவிட்டால், அந்த வீட்டின் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வி நம் முன் நிற்குமே என்ற கவலையால்தான். அன்றிரவு நாம் சிந்தித்தவற்றையே இங்கு எழுதுகிறோம். இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

வெளிநாடு போவது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ரிஜ்கைத் தேடிக் கடல் கடப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியை வசப்படுத்தித் தந்து, அதன் பல திசைகளிலும் நடந்து தன் அருளைத் தேடிக் கொள்ளுமாறு மனிதனை ஏவுபவன் அல்லாஹு தஆலா. ஸஹாபாப் பெருமக்கள் வணிகத்திற்காகவும் கல்விக்காகவும் தூர தேசங்களுக்குப் பயணம் செய்தார்கள்.

இஞ்சினீயர்கள் நாடு கடந்து போவதும் வருவதும் நம் மலைக்குப் புதிதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ஆம் ஆண்டில் குன்னூரை எட்டி, 1908-இல் உதகையை அடைந்த நம் மலை ரயிலுக்கு வழிகாட்டிய பல்சக்கர முறை சுவிட்சர்லாந்து இஞ்சினீயர்களின் தொழில் நுட்பம். குந்தா நீர்மின் திட்டம் கனடா நாட்டின் உதவியோடு எழுந்தது. ஆகவே, அங்கிருந்து இங்கே வந்த தொழிலறிவு இங்கிருந்து அங்கே போவதில் தவறென்ன?

போக வேண்டிய காரணத்தையும் நாம் அறியாதவர்கள் அல்லர். உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இல்லை. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை விழுந்தபோது, அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை இந்த மலை மறக்கவில்லை. பிள்ளையைப் படிக்க வைத்தால் அவன் மலையிறங்கிப் பிழைத்துக் கொள்வான் என்றுதான் பெற்றோர் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தார்கள். அந்த ஆசையில் பாவம் ஒன்றும் இல்லை.

எனவே பேச்சு பயணத்தைப் பற்றியதன்று. உறைக்குள் இருந்த அந்த ஒரு தாளைப் பற்றியது.

தாளா, சாட்சியா?

அனுபவச் சான்றிதழ் என்பது என்ன? “இம்மனிதர் இன்ன வேலையை இத்தனை காலம் எம் கண் முன்னே செய்தார்” என்று ஒருவர் கூறும் சாட்சியம் அது. நடக்காததை நடந்ததாக எழுதினால் அது பொய்ச் சாட்சியாகிவிடுகிறது. பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லி வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சி என்ற இடம் வந்ததும், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, அதைத் திரும்பத் திரும்பக் கூறி எச்சரித்தார்கள் என்று ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். எழுதியவர் ஏஜெண்டுதானே என்று இளைஞர் தப்ப முடியாது. அதை நீட்டுபவரும் அச்சாட்சியத்தில் பங்காளியே.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னபோது, நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கடிந்துகொண்டார்கள். தானியம் நனைந்தது வியாபாரியின் குற்றமன்று. அதை மறைத்ததே குற்றம். அனுபவம் இல்லாமை இளைஞரின் குற்றமன்று. படித்து முடித்து ஓராண்டு ஆன எவருக்கும் இரண்டாண்டு அனுபவம் இருக்க முடியாது. அந்த ஈரத்தைக் காகிதம் போட்டு மூடுவதுதான் குற்றம்.

இதில் இன்னொரு கூறும் உண்டு. மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்து நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தத் தீங்கிற்கு அவரே பொறுப்பாளி என்பது நபிமொழியிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்த சட்டம். கட்டிடம் கட்டுபவர் மட்டும் இதற்கு விலக்காவாரா?

இந்த மலையில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியெங்கும் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சரிவில் எழுப்பும் தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளைகள் விட வேண்டும். விடாவிட்டால் மண்ணுக்குள் தேங்கும் நீரின் பாரம் சுவரையே தள்ளிவிடும். இது பாடப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் அந்தத் துளைகள் அடைத்துக் கொள்ளாமல் சுவருக்குப் பின்னே கல்லும் சல்லியும் எப்படி அடுக்குவது, ஊற்று ஓடும் இடத்தை மண்ணின் நிறத்தைப் பார்த்து எப்படி அறிவது என்பதெல்லாம், மழையில் நின்று வேலை பார்த்த மேஸ்திரியின் பக்கத்தில் நின்று கற்பவை. ஒரு கம்பெனி இரண்டாண்டு அனுபவம் கேட்பது வீம்புக்காக அன்று. அந்த இரண்டாண்டில் இருப்பது பிறர் உயிர். அந்தச் சுவரின் கீழே உறங்கப் போகிறவர்கள் அந்தத் தாளை நம்பித்தான் உறங்குகிறார்கள்.

மூன்று சமாதானங்கள்

மறுநாள் இளைஞர் வந்தார். நாம் சொன்னவற்றைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தம் மனத்திலிருந்தவற்றை மறைக்காமல் சொன்னார். அவை நியாயமான கேள்விகளே.

“ஹஜ்ரத், நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்று மத்ரஸாவில் சொல்லித் தந்தீர்களே?”

ஆம், சொல்லித் தந்தோம். பட்டினியால் உயிர் போகும் நிலையில் இருப்பவருக்கு, உயிரைக் காக்கும் அளவுக்கு மட்டும், செத்த பிராணியின் மாமிசமும் அனுமதிக்கப்படுகிறது. அந்த அளவையும் சேர்த்துத்தான் சொல்லித் தந்தோம். இன்றைய வருமானத்தைவிடப் பல மடங்கு வருமானம் தேவை என்பது தேவைதான், நிர்ப்பந்தமன்று. அத்துடன், ஒருவருடைய நிர்ப்பந்தம் மற்றவரின் உரிமையைப் பறித்துவிடாது என்பதும் ஃபிக்ஹின் விதியே.

“எல்லாரும் இப்படித்தானே போகிறார்கள்?”

எல்லாரும் போவதில்லை. போனவர்களில் சிலர் போனார்கள் என்பதே உண்மை. அவர்களால், உண்மையான சான்றிதழோடு போகிறவரின் தாளும் இன்று சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது. பொய்யரின் பாரத்தை நல்லவர் சுமக்கிறார்.

“எனக்கு வேலை தெரியும். போய்ச் சரியாகச் செய்துவிட்டால் சம்பளம் ஹலால்தானே?”

தாய் அனுப்பிய கேள்வி இதுதான். இதற்கு விடையை மழுப்பக் கூடாது. வேலையைத் தெரிந்து, ஒப்பந்தப்படி ஒழுங்காகச் செய்பவருக்குக் கிடைக்கும் கூலி அவருடைய உழைப்பின் கூலியே என்றும், பொய் சொல்லி உள்ளே நுழைந்த பாவம் தனியே அவர் மீது நிற்கும், அதற்குத் தவ்பா வேண்டும் என்றும் உலமாக்களில் பலர் கூறியுள்ளார்கள். வேலையே தெரியாமல் பதவியில் உட்கார்ந்து வாங்கும் சம்பளத்திற்கு அந்தச் சலுகையும் இல்லை. இவ்விடையின் முதற் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு, “அப்படியானால் போகலாம், பின்னர் தவ்பா செய்து கொள்ளலாம்” என்று ஒருவர் கிளம்பினால், அவர் தவ்பாவின் பொருளையே அறியாதவர். செய்துவிட்டு வருந்துவது தவ்பா. வருந்திக் கொள்ளலாம் என்று திட்டமிட்டுச் செய்வதற்கு வேறு பெயர் உண்டு.

முன்னரே இப்படிப் போய்விட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களை நிராசையில் தள்ளுவது நம் நோக்கமன்று. அல்லாஹ்வின் வாசல் திறந்தே இருக்கிறது. வருந்தி மீளுங்கள். உங்கள் பதவிக்குரிய அறிவை இன்றே கற்கத் தொடங்குங்கள். தெரியாத வேலைக்குத் தெரிந்ததாகக் கையெழுத்திடாதீர்கள். பிறர் உயிருக்கு ஆபத்தான பொறுப்பு என்றால், அதிலிருந்து விலகித் தெரிந்த வேலைக்கு இறங்கி வருவதே உங்கள் தவ்பாவின் அடையாளம்.

மத்யனின் கிணற்றடியில்

வேலை தேடி வேற்று நாட்டில் நின்ற ஓர் இளைஞரின் வரலாறு திருக்குர்ஆனில் அல்கஸஸ் என்னும் அத்தியாயத்தில் இருக்கிறது. ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் எகிப்தை விட்டு வெளியேறி மத்யன் வந்து சேர்ந்தபோது, கையில் காசில்லை, தெரிந்த மனிதரில்லை, பரிந்துரைக் கடிதமில்லை. கிணற்றடியில் இடையர் கூட்டத்திற்கு ஒதுங்கி, தம் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் நின்ற இரு பெண்களைக் கண்டார்கள். அவர்களுக்காக இறைத்துக் கொடுத்துவிட்டு, கூலி கேட்காமல், நிழலில் ஒதுங்கி அமர்ந்து, இறைவனிடம் தம் வறுமையைச் சொல்லிக் கையேந்தினார்கள்.

பிறகு நடந்ததை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். அப்பெண்களின் தந்தையிடமிருந்து அழைப்பு வந்தது. இவரைக் கூலிக்கு வைத்துக் கொள்ளலாம் என்று மகள் பரிந்துரைத்தார். அதற்கு அவர் கூறிய காரணங்கள் இரண்டே: வலிமை உள்ளவர், நம்பிக்கைக்குரியவர். அந்த இரண்டையும் அவர் எதில் படித்தார்? கிணற்றடியில் கண்ணால் கண்டார். மூஸா (அலை) அவர்களின் அனுபவச் சான்றிதழ் அந்தக் கிணற்றடியில், கூலியில்லாமல் செய்த வேலையில் எழுதப்பட்டது. அதன்பின் எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று ஒப்பந்தம் பேசப்பட்டது.

வலிமை மட்டும் இருந்து நம்பிக்கை இல்லாவிட்டால் அவ்வேலை கிடைத்திராது. இன்று நம் பிள்ளைகள் முதலாவதைக் கல்லூரியில் பெறுகிறார்கள். இரண்டாவதை ஏஜெண்டின் மேசையில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறோம்.

ஹஜ்ரத் யூசுஃப் (அலை) அவர்களும் அந்நிய நாட்டில்தான் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டார்கள். தம்மிடம் இருந்த திறமையை எடுத்துச் சொன்னார்கள். ஆகவே, உள்ளதைச் சொல்லி வேலை கேட்பது அடக்கத்திற்கு மாறானதன்று. இல்லாததைச் சொல்வதுதான் தவறு.

உமக்காகப் பொய்யெழுதும் கை

இனி உலக நடப்பையும் பார்ப்போம். உமக்காகப் பொய்யெழுதும் கை, உமக்கே பொய் எழுதாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் அடைக்கப்பட்டு, இணையத்தின் வழியாகப் பிறரை ஏமாற்றும் தொழிலில் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் மத்திய அரசு இதைக் குறித்து எச்சரிக்கை விடுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். பொய் வாக்குறுதியை நம்பிப் போனவர்கள், பிறருக்குப் பொய் வாக்குறுதி கொடுக்கும் வேலையில் மாட்டப்பட்டார்கள் என்பது நெஞ்சை உலுக்கும் செய்தி.

பொய்த்தாள் நெடுநாள் நிற்பதுமில்லை. 2018-இல் குவைத் அரசு இஞ்சினீயர்களின் பட்டங்களை அந்நாட்டு இஞ்சினீயர் சங்கத்தின் ஒப்புதலுக்கு உட்படுத்தியபோது, உண்மையான பட்டம் பெற்று ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களே, தாம் படித்த கல்லூரிக்கு உரிய தர அங்கீகாரம் இல்லை என்ற காரணத்தால் திண்டாடினார்கள். உண்மைக்கே இத்தனை சோதனை என்றால், பொய் எம்மட்டு?

பத்தாம் வகுப்புத் தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை. இதனால் பட்டதாரிகள் தங்களைப் பற்றிக் கவலையில்லை என்று எண்ணுகிறார்கள். அரசு அலுவலர் ஒருவர் ஒப்பந்தத்தைப் பார்வையிடும் காவலும் அவர்களுக்கு இல்லாமற் போகிறது என்பதை நினைப்பதில்லை. ஆகவே அவர்களே விழிப்பாக இருக்க வேண்டும். ஏஜெண்டு 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று அரசின் பட்டியலில் பார்க்க வேண்டும். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று அரசு எல்லை வைத்திருக்கிறது. ரசீது பெற வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கே வேலை செய்யலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். தமிழக அரசே 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் ஏற்படுத்தியிருக்கிறது. ஏஜெண்டின் வீட்டுப் படியேறுமுன் அங்கே பதிவு செய்யலாமே!

அனுபவம் வேண்டுமென்றால் அதற்கும் நேர்வழி உண்டு. பட்டம் பெற்ற இஞ்சினீயர்களை ஓராண்டு உதவித்தொகையுடன் தொழிற்கூடங்களில் பழக்குவதற்குச் சென்னைத் தரமணியில் மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. முடிவில் கிடைப்பது அரசின் சான்றிதழ். அந்தத் தாளை எந்த நாட்டிலும் தலை நிமிர்ந்து நீட்டலாம்.

நம் மலை ரயிலை நினைத்துப் பாருங்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில், இஞ்சினின் பல்சக்கரம் நடுத் தண்டவாளத்தின் ஒவ்வொரு பல்லாகக் கவ்வித்தான் ஏறுகிறது. மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் ஏற்றத்தில் அதைச் சறுக்காமல் நிறுத்துவது அந்தப் பல்தான்.

நம் பங்கு

இவ்வளவும் இளைஞரிடம் சொன்ன பின், நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது மிஞ்சியிருந்தது. “மகனுக்கு விசா கிடைக்க துஆச் செய்யுங்கள் ஹஜ்ரத்” என்று எத்தனையோ தந்தையர் நம் கையைப் பிடித்திருக்கிறார்கள். நாமும் செய்திருக்கிறோம். “என்ன தாள் கொடுத்திருக்கிறீர்கள்?” என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் பணம் வந்தால் ஜும்ஆவில் பெயர் சொல்லிப் பாராட்டினோம். இங்கேயே ஒரு காண்டிராக்டரிடம் குறைந்த சம்பளத்திற்கு நேர்மையாக உழைக்கும் பிள்ளையின் பெயரை எந்த ஜும்ஆவில் சொன்னோம்? பெண் கொடுப்பதற்கும் நாம் கேட்பது, “மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார்?” என்பதல்லவா? இளைஞரின் கையில் அந்தப் பொய்த்தாளைத் திணித்ததில் நம் ஜமாஅத்துக்கும் ஒரு விரல் உண்டு.

ஆகவே, ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து அவருக்கு ஒரு சிறு தொகை வட்டியில்லாக் கடனாகக் கிடைக்க ஏற்பாடு செய்தோம். அது நகையின் மதிப்பில் கால்வாசி கூட இல்லை. பழகுநர் பயிற்சிக்கு ஊர் விட்டுப் போய்த் தங்க அது போதுமானதாக இருந்தது. ஏஜெண்டிடம் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. தந்தைக்கு நம் மீது வருத்தம். ஸஃப்பில் நம்மருகே நின்று தொழுகிறார். ஸலாமுக்குப் பதில் சொல்கிறார். அதற்கு மேல் பேசுவதில்லை. அவரை நாம் குறை சொல்ல மாட்டோம். டிரையரின் வெப்பத்தில் இருபதாண்டு நின்றவர், மகன் விமானத்தில் ஏறும் நாளைக் கண்முன் வைத்துத்தான் நின்றார். அந்த நாளை நாம் தள்ளி வைத்துவிட்டோம். அவருக்கு நாம் சொல்லக்கூடியது, அது தள்ளித்தான் வைக்கப்பட்டிருக்கிறது, தடுக்கப்படவில்லை என்பதே.

தாய் மட்டும், பேரனுக்கு ஓதிப் பார்க்க வந்த ஒரு மூதாட்டியிடம் நமக்கு ஸலாம் சொல்லி அனுப்பியிருந்தார். நகை கழுத்தில்தான் இருக்கிறது என்றும் சொல்லச் சொன்னாராம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் தூய ரிஜ்கைத் தந்தருள்வானாக! அவர்களுடைய கைக்கு வலிமையையும் நாவுக்கு உண்மையையும் ஒருசேர அளிப்பானாக! அவர்களைப் பெற்றவர்களின் காத்திருப்பை வீணாக்காதிருப்பானாக! ஆமீன்.